வின்செஸ்டர்னா கலை, நாட்டுத் துப்பாக்கின்னா கேஸா?

முதல்ல ஒரு கேள்வி. வயசான ஒருத்தர் மருந்தை அளந்து போட்டு, ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, தாத்தா காலத்துத் துப்பாக்கிக்குத் தன் கையாலேயே எல்லாத்தையும் தயார் பண்றார். அவரை நீங்க என்னன்னு சொல்வீங்க? கைத்தொழில் தெரிஞ்சவர்னா, குற்றவாளின்னா?

பதில் சொல்றதுக்கு முன்னாடி, "அவர் எந்த ஊர்க்காரர்?"னு கேட்கத் தோணுதுல்ல? அந்தத் தோணலைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

எங்க ஹாஸ்டல் ரூம்ல ஒருத்தன் இருக்கான். மெக்கானிக்கல், மூணாவது வருஷம். சின்ன வயசுலயே சிவகாசியில இருந்து வர்ற லயன் காமிக்ஸ்ல டெக்ஸ் வில்லரைப் படிச்சுப் படிச்சு வளர்ந்தவன். அப்புறம் ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. இப்போ ராத்திரி 2 மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கிட்டு அவன் பார்க்கிறது, அமெரிக்காவுல யாரோ ஒரு பெரியவர் பழைய லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குத் தோட்டா தயார் பண்ற வீடியோ. ட்ரிகருக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு நெம்புகோல் இருக்குமே, கீழே இழுத்து மேலே தள்ளினா காலி கேஸ் வெளியே பறந்து புதுத் தோட்டா உள்ளே போகுமே, அந்தத் துப்பாக்கிதான். டெர்மினேட்டர் 2-ல அர்னால்டு பைக்ல போய்க்கிட்டே ஒத்தக் கையால சுத்துறாரே, அதுவும் இந்த வகைதான்.

உண்மையைச் சொல்லணும்னா, நானும் அவன்கூட உட்கார்ந்து பார்த்தேன். பிடிச்சும் போச்சு. ஏன்னா அது முழுக்க முழுக்க இன்ஜினியரிங்.

இந்தத் துப்பாக்கிகள்ல தோட்டாக்கள் குழலுக்குக் கீழே இருக்கிற இன்னொரு குழாய்க்குள்ள வரிசையா, ஒண்ணு பின்னாடி ஒண்ணா படுத்திருக்கும். ஒரு தோட்டாவோட மூக்கு, முன்னாடி இருக்கிற தோட்டாவோட அடிப்பாகத்தைத் தொட்டுக்கிட்டு இருக்கும். அந்த அடிப்பாகத்து நடுவுலதான் பிரைமர், அதாவது தட்டினா தீப்பிடிக்கிற சின்ன மூடி. மூக்கு கூரா இருந்தா, ஒரு அதிர்ச்சியிலேயே குழாய்க்குள்ள வெடிச்சிடலாம். அதனாலதான் இதுக்கான குண்டுகளோட மூக்கைத் தட்டையா வைப்பாங்க. ஸ்பிரிங் அழுத்துறதுல குண்டு கேஸுக்குள்ள இறங்கிடாம இருக்க, கேஸோட வாயை லேசா மடக்கிப் பிடிப்பாங்க. சின்னச் சின்ன முடிவு, ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் ஒரு காரணம். நம்ம டிசைன் பேப்பர்ல இப்படி ஒரு கேள்வி வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

கையால தோட்டா தயாரிக்கிற பழக்கமும் சும்மா வந்ததில்ல. 1860-ல ஹென்றி, 1873-ல வின்செஸ்டர், 1894-ல ஜான் பிரவுனிங் வடிவமைச்ச இன்னொரு வின்செஸ்டர்னு வரிசையா வந்த துப்பாக்கிகள் இவை. அதுல சில பழைய அளவுகளுக்குக் கடையில தோட்டா சுலபமா கிடைக்காது. கிடைச்சாலும் விலை அதிகம். அதனால சுட்ட பித்தளைக் கேஸையே எடுத்து, சுத்தம் பண்ணி, பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமர், மருந்து, குண்டு வெச்சு மறுபடி பயன்படுத்துறாங்க. மருந்தை அளக்கிற அலகு கிரெயின். ஒரு கிரெயின்னா சுமார் 65 மில்லிகிராம். கை கொஞ்சம் தவறினா என்ன ஆகும்னா, 1873 மாடல் எல்லாம் கரிமருந்தோட அழுத்தத்துக்குன்னு செஞ்சது. அதுக்கு அப்புறம் வந்த புகையில்லா மருந்தை அதே அளவு கொட்டினா, அந்தப் பழைய இரும்பு தாங்காது. துப்பாக்கி கையிலேயே பிளக்கும். அதனால அந்தப் பெரியவர் ஒவ்வொரு தோட்டாவையும் எடை பார்த்து, நோட்டுல எழுதி வைக்கிறார். கமெண்ட்ல ஆயிரம் பேர், "என்ன பொறுமை, என்ன திறமை!"ன்னு பாராட்டுறாங்க.

இதுவரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல. போன செமஸ்டர்ல ஒருநாள் நம்மாளு கேட்டான்: "மச்சி, நம்ம ஒர்க்‌ஷாப் லேத்துல ஒரு டை கடைஞ்சா என்ன? சும்மா டம்மிக்குத்தான்டா. யூடியூப் போடலாம்."

நண்பர்களே, இங்கதான் கொஞ்சம் நிறுத்திக் கேட்கணும். இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாம துப்பாக்கி தயாரிக்கிறது மட்டும் இல்ல, தோட்டா தயாரிக்கிறதும் குற்றம். தோட்டாங்கிற வார்த்தைக்குள்ள அதோட பாகங்களும் வரும், அதைத் தயாரிக்கிற இயந்திரமும் வரும். 2019-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குக் குறைந்தபட்ச தண்டனையே 7 வருஷம். அதிகபட்சம் ஆயுள். "டம்மிக்குத்தான் சார்"னு ஸ்டேஷன்ல விளக்கிக்கிட்டு இருக்கும்போதே பிளேஸ்மென்ட் சீசன் முடிஞ்சிரும். என்.சி.சி.ல இருக்கிறவங்களுக்குத் தெரியும்: .22 சுட்டு முடிச்சதும் காலி கேஸைக்கூட எண்ணித் திருப்பிக் கொடுத்தாகணும். அவ்வளவு கறார்.

அவன் புரிஞ்சுக்கிட்டான், டையை விட்டுட்டான். ஆனா என்னை விடாத விஷயம் வேற ஒண்ணு.

அதுக்கு ஒரு மாசம் கழிச்சு, கேளம்பாக்கம், வண்டலூர் வழியா பஸ் புடிச்சு தாம்பரம் போனேன். ஊருக்குப் போற ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே பாசிமணி விக்கிற நரிக்குறவர் குடும்பம் ஒண்ணு உட்கார்ந்திருந்தது. சும்மா பேச்சுக் கொடுத்தேன். தாத்தாவுக்கு எழுபதுக்கு மேல இருக்கும். "முன்னாடி வேட்டைக்குப் போவீங்களா தாத்தா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். போலீஸ்காரன் வீட்டுப் பையனோன்னு சந்தேகம் போல. காலேஜ்னு சொன்னதும் பேச ஆரம்பிச்சார்.

"மருந்து கூடப் போட்டா குழல் வெடிக்கும் தம்பி. குறைச்சுப் போட்டா கவுதாரி சிரிச்சுக்கிட்டே பறந்துரும். மழை நாள்ல மருந்து ஈரம் புடிக்கும், அப்போ கணக்கே வேற. எங்கப்பன் எனக்குக் கையப் புடிச்சு சொல்லிக் கொடுத்தாரு."

மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை வெச்சு, கம்பியால எத்தனை தட்டு தட்டணும், எந்த சத்தம் வந்தா நிறுத்தணும், அப்புறம் ரவை எவ்வளவு. எல்லாத்தையும் கையைக் காத்துல ஆட்டி ஆட்டிச் சொன்னார். எனக்கு ராத்திரி 2 மணி வீடியோதான் ஞாபகம் வந்தது. அதே ஜாக்கிரதை, அழுத்தத்தைப் பத்தின அதே புரிதல். ஒரே வித்தியாசம், இவர்கிட்ட தராசும் நோட்டும் இல்ல. காதும் கையும்தான்.

"துப்பாக்கி இப்போ எங்க தாத்தா?"

"ஸ்டேஷன்ல ஒப்படைச்சாச்சு. லைசென்ஸ் இருந்துச்சு. இருந்தும் எங்க எது காணாமப் போனாலும் எங்களத்தான் கூப்புடுவாங்க. எதுக்கு வம்பு?"

இப்போ என் கருத்தைச் சொல்றேன். வேட்டைத் தடை சரியானதுதான். 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கலைன்னா, இன்னைக்குப் பல உயிரினங்களைப் படத்துலதான் பார்த்திருப்போம். நாட்டுத் துப்பாக்கி ஆபத்தில்லாததுன்னும் நான் சொல்லல. காட்டுப்பன்னின்னு நினைச்சு ஆளைச் சுட்ட செய்திகளை நாமளே படிச்சிருக்கோம். உரிமம் இல்லாத துப்பாக்கியைப் போலீஸ் பறிமுதல் பண்ணத்தான் செய்யணும். இதுல எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

ஆனா சட்டம் ஒரு தொழிலை நிறுத்தும்போது, அந்தத் தொழிலை மட்டுமே தெரிஞ்ச மனுஷனுக்கு என்ன வழின்னு யாராவது யோசிச்சிருக்கணும். 1972-ல வேட்டை போச்சு. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைப் பழங்குடியினர் பட்டியல்ல சேர்த்த சட்டம் எப்போ நடைமுறைக்கு வந்தது தெரியுமா? 2023 ஜனவரி. இடையில 50 வருஷம். ரெண்டு தலைமுறை ரயில்வே ஸ்டேஷன் வாசல்லயும் கோயில் வாசல்லயும் பாசிமணி, ஊசிமணி வித்தே போயிடுச்சு. நம்ம சிறுசேரியைத் தாண்டிப் போற இதே ஓ.எம்.ஆர். தெற்கே போய் முடியற இடம் பூஞ்சேரி. அங்க இருக்கிற நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு வீட்டுமனைப் பட்டா கிடைச்சதே 2021 தீபாவளி அன்னைக்குத்தான். அதுவும், மாமல்லபுரம் கோயில் அன்னதானப் பந்தியில ஒரு நரிக்குறவப் பெண்ணை உட்கார விடலைங்கிற வீடியோ ஊரெல்லாம் பரவின பிறகு. ஐ.டி. பார்க் இருக்கிற அதே ரோடு, ஞாபகம் வெச்சுக்கோங்க.

"துப்பாக்கி விஷயத்துல எல்லாருக்கும் ஒரே சட்டம்தானே?"ன்னு நீங்க கேட்கலாம். கேட்க நல்லாத்தான் இருக்கு. நடந்தது அப்படியில்ல. 1878-ல வெள்ளைக்காரங்க கொண்டுவந்த ஆயுதச் சட்டத்துல இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு. சுதந்திரத்துக்கு அப்புறமும் பக்கத்துல குடகுல கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் வெச்சிருக்கிறவங்களுக்கும் சில வகைத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வாங்குறதுல இருந்து விலக்கு இருக்கு. அவங்க பண்பாட்டோட துப்பாக்கி சேர்ந்தது, கைல்போது பண்டிகையில அதுக்குப் பூஜையே உண்டுங்கிறது காரணம். அந்த விலக்கை மத்திய அரசு 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்கு. அது தப்புன்னு நான் சொல்ல வரல. ஒரு சமூகத்துக்கும் துப்பாக்கிக்கும் இருக்கிற உறவைப் பண்பாடுன்னு சட்டத்தால பார்க்க முடியும்னா, இன்னொரு சமூகத்தோட அதே உறவை சந்தேகத்தோட மட்டும் ஏன் பார்க்கிறோம்? நிலம் இருக்கிறவன் கையில இருந்தா கௌரவம், நிலம் இல்லாதவன் கையில இருந்தா கேஸ்.

நாமளும் அப்படித்தான் பார்க்கிறோம். 2022-ல திருச்சியில நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு அஜித் வந்தப்போ கிளப் வாசல்ல கூட்டம் அலைமோதுச்சு. நம்ம ஸ்டேட்டஸ் எல்லாம் அவர்தான். ஒலிம்பிக் வரைக்கும் போன, கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவனைப் பார்த்துப் பெருமைப்படுறோம். படணும்தான். அதே நாம, நரிக்குறவர்னு சொன்னதும் கல்ச்சுரல்ஸ்ல போடுற காமெடி வேஷத்தைத்தான் நினைக்கிறோம். நம்ம காலேஜ் மேடையிலயே பார்த்திருக்கேன். கைதட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். தாம்பரத்துல அந்தத் தாத்தா பேசினதைக் கேட்ட பிறகு அதை நினைச்சா வெட்கமா இருக்கு.

சரி, என்னதான் பண்ணலாம்? மூணு விஷயம் சொல்றேன்.

துப்பாக்கி மேல உண்மையிலேயே ஆர்வம்னா, அதுக்குச் சட்டப்படி வழி இருக்கு. என்.சி.சி.ல சேருங்க. ரைஃபிள் கிளப்ல விசாரிச்சு 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல ஆரம்பிங்க. அபினவ் பிந்த்ரா 2008-ல தங்கம் வாங்கினது அந்தப் பிரிவுலதான். தோட்டா செய்ற வேலையை லேத் பக்கம் கொண்டு போகாதீங்க. அழுத்தம், வெப்பம், உலோகம் எல்லாத்தையும் சாஃப்ட்வேர்ல சிமுலேட் பண்ணிப் பாருங்க. என் ரூம்மேட் இப்போ அதைத்தான் பண்றான். 1873 மாடலோட லீவர் இணைப்பை கேட்-ல வரைஞ்சு, எந்த இடத்துல விசை அதிகம்னு பார்க்கிறான். கைட் சம்மதிச்சிட்டா அதுவே அவனோட மினி ப்ராஜெக்ட்.

ரெண்டாவது, நம்ம பக்கத்துலயே இருக்கிற பெரியவங்களோட அறிவைப் பதிவு பண்ணுங்க. மருந்து எப்படிச் செய்யுறதுன்னு இல்ல, அது வேண்டவே வேண்டாம். பறவையோட சத்தத்தை வெச்சு இனம் சொல்றது, கால்தடம் பார்க்கிறது, கண்ணி பின்னுறது, அவங்க வீட்டுக்குள்ள பேசுற வாக்ரிபோலி மொழி. அந்தத் தாத்தா போனா, அவர் காதுல இருக்கிற கணக்கும் அவரோட போயிடும். நம்ம இதழ்லயே ஒரு தொடரா போடலாம். நான் ரெடி.

மூணாவது, கல்ச்சுரல்ஸ்ல அந்தக் காமெடி வேஷம் இனி வேண்டாம். இதுக்குச் சட்டம் எதுவும் தேவையில்ல. நாம முடிவு பண்ணினா போதும்.

அமெரிக்கப் பெரியவரோட வீடியோவுக்கு லைக் போடுங்க, தப்பே இல்ல. நானும் இன்னும் பார்க்கிறேன். அடுத்த தடவை தாம்பரத்துல ரயிலுக்குக் காத்திருக்கும்போது மட்டும், போனைப் பாக்கெட்ல வெச்சுட்டு வெளியே வாங்க. பாசிமணி வாங்கலைன்னாலும் பரவாயில்ல. ரெண்டு நிமிஷம் நின்னு, "தாத்தா, சாப்டீங்களா?"ன்னு கேட்டுட்டுப் போங்க. மீதியை அவர் சொல்லுவார்.