லாஸ்ட் பெஞ்ச்: அந்த மூணு சீட் யாருக்கு?

மாடல் எக்ஸாம் முடிஞ்ச கையோட கேன்டீனில் உட்கார்ந்து ஒரு குட்டி சர்வே எடுத்தேன். பத்து பேர், ஒரே கேள்வி: "ஐ.சி.சி-ன்னா என்ன?" ஒன்பது பேர் யோசிக்காம சொன்ன பதில், "கிரிக்கெட்!" அதில் ஒருத்தன், ஹெட் ஆபீஸ் துபாயில் இருக்குன்னு பொது அறிவையும் அவிழ்த்துவிட்டான். பத்தாவது ஆள், மெக்கானிக்கல் ஃபைனல் இயர் அக்கா. "நம்ம நோட்டீஸ் போர்டுல, மெஸ் பில் லிஸ்ட்டுக்கு அடியில பாதி மறைஞ்சு ஒட்டியிருக்கே... அதுவா?"

அதேதான். இன்டர்னல் கம்ப்ளைன்ட்ஸ் கமிட்டி. தமிழில் உள்ளகப் புகார்க் குழு. பழைய பழக்கத்தில் இன்னமும் 'விசாகா கமிட்டி'ம்பாங்க. பாலியல் தொல்லை பற்றி 1997-ல் சுப்ரீம் கோர்ட் கொடுத்த விசாகா தீர்ப்புதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். 2013-ல் அது சட்டமாச்சு. காலேஜ், யுனிவர்சிட்டிகளுக்குன்னு யு.ஜி.சி தனியா போட்ட விதிமுறைகள் 2016 மே மாசம் கெஜட்டில் வந்துச்சு.

இதெல்லாம் ஏதோ எனக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்னு நினைச்சுடாதீங்க. செகண்ட் இயரில் எனக்கும் ஐ.சி.சி-ன்னா கிரிக்கெட்தான். அதனால நஷ்டப்பட்டது என் ஃப்ரெண்ட். அவகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். ஊர், பேர், டிபார்ட்மென்ட் எதுவும் கிடையாது.

ஒரு நாள் லேப் முடிஞ்சு ரூமுக்கு வந்தவ, ரெக்கார்ட் நோட்டை மடியில வெச்சுக்கிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தா. ரெக்கார்டில் சைன் போடுற சாக்கில் ஒருத்தர் பேசுற பேச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு வர்ற மெசேஜ்... எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, "இப்ப என்னடி பண்றது?"ன்னு கேட்டா. நான் பெரிய மனுஷி மாதிரி சொன்னேன்: "பிராக்டிகல் முடியட்டும். இன்டர்னல் மார்க் அவர் கையில இருக்கு. அப்புறம் பார்த்துக்கலாம்."

பிராக்டிகல் முடிஞ்சுது. செம் லீவும் முடிஞ்சுது. ஒருவழியா தைரியம் வந்து ரெண்டு பேரும் போய் விசாரிச்சப்போ நாலு மாசம் தாண்டியிருந்துச்சு. "மூணு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுத்திருக்கணுமேம்மா"ன்னு ஒரு மேடம் சொன்னாங்க. தலையாட்டிட்டு வந்துட்டோம். அவ அன்னிக்கு ராத்திரியே அந்த மெசேஜையெல்லாம் அழிச்சுட்டா.

விதிமுறைகளை நான் முழுசா படிச்சது அதுக்கு அப்புறம்தான். மூணு மாசம்ங்கறது உண்மைதான். ஆனா, அந்தக் காலக்கெடுவுக்குள்ள புகார் கொடுக்க முடியாத சூழ்நிலை இருந்துச்சுன்னா கமிட்டி இன்னொரு மூணு மாசம் நீட்டிக்கலாம்னும் அதிலேயே இருக்கு! நான் சொன்னேனே, 'மார்க் அவர் கையில'ன்னு... அதுக்கும் வழி இருக்கு. விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்த மாணவியின் பேப்பரையோ பிராக்டிகலையோ அந்த ஆள் திருத்தக் கூடாதுன்னு தடுத்து வைக்கலாம். எங்க ரெண்டு பேரையும் நாலு மாசம் கட்டிப்போட்ட பயத்துக்கு ஒரே ஒரு வரியில பதில் இருந்திருக்கு!

ஸோ, நீங்களாவது இந்த டைம் டேபிளை மனப்பாடம் பண்ணிக்கோங்க. புகார் கமிட்டி கைக்கு வந்த 7 நாளில், எதிர்த்தரப்புக்கு அதோட நகல் போகணும். அவர் 10 நாளில் சாட்சிப் பட்டியலோட பதில் கொடுக்கணும். புகார் வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள்ள விசாரணை முடியணும். அடுத்த 10 நாளில் அறிக்கை நிர்வாகத்துக்குப் போகணும். முடிவோட நகல் ரெண்டு தரப்புக்கும் வரணும். யாரும் அப்பீல் போகலைன்னா, 30 நாளுக்குள்ள நிர்வாகம் நடவடிக்கை எடுக்கணும். 'ஃபைல் மேல போயிருக்கு'ன்னு வருஷக்கணக்கில் இழுக்க இதில் இடமே இல்லை.

'எதிர்த்தரப்புக்கு எதுக்குப் பத்து நாள்?'னு சிலருக்குக் கோபம் வரலாம். அவர் பக்கத்தையும் கேட்டாத்தான் அது விசாரணை. இல்லைன்னா அது வெறும் பஞ்சாயத்து. அதே மாதிரி, புகாரை நிரூபிக்க முடியலைங்கற ஒரே காரணத்துக்காக அதைப் பொய்ப் புகார்னு முத்திரை குத்தவும் முடியாது. சமாதானம் பேசறதா இருந்தாக்கூட புகார் கொடுத்தவங்க கேட்டாத்தான் பேசணும். அதிலும் பணத்தை வெச்சு முடிக்கக் கூடாது. பசங்களே, நீங்களும் கவனிங்க... பசங்க, திருநங்கை மாணவர்களும் பாதிக்கப்படலாம்னு யு.ஜி.சி விதிமுறை ஒத்துக்குது.

சரி, கமிட்டியில் யார் யார்? தலைமையில் சீனியர் பெண் பேராசிரியர். ரெண்டு ஆசிரியர்கள், ரெண்டு அலுவலக ஊழியர்கள், வெளியிலிருந்து ஒருத்தர். மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்களா இருக்கணும். துணைவேந்தர், பதிவாளர், டீன், ஹெச்.ஓ.டி இவங்க யாரும் உறுப்பினரா இருக்கக் கூடாது! அதிகாரத்தில் இருக்கறவங்க நிழல் விசாரணையில் விழக் கூடாதுங்கறதுதான் காரணம். இதைப் படிச்சதும் போய் எங்க நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். மெஸ் பில்லைத் தூக்கிப் பார்த்தா... மூணாவது பேரே ஒரு ஹெச்.ஓ.டி!

அடுத்தது இன்னும் முக்கியம். விவகாரத்தில் மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தா, மூணு மாணவர்கள் கமிட்டியில் உட்காரணும். யு.ஜி ஒருத்தர், பி.ஜி ஒருத்தர், ஆராய்ச்சி மாணவர் ஒருத்தர். அதுவும் நிர்வாகம் கைகாட்டுற 'நல்ல பிள்ளைகள்' கிடையாது. வெளிப்படையா தேர்தல் நடத்தித் தேர்ந்தெடுக்கணும். உங்க காலேஜில் அந்தத் தேர்தல் எப்ப நடந்துச்சு? கல்ச்சுரல் செக்ரட்டரிக்கு போஸ்டர் ஒட்டுன நமக்கு இது ஞாபகத்துலயே இல்லையே, பாஸ்!

'பேர் வெளிய வந்துடுமோ'ங்கற பயம்தான் நிறைய பேரை வாசலிலேயே நிறுத்துது. அந்தப் பயம் சும்மா வரல. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை நமக்கெல்லாம் தெரியும். அது கமிட்டி விசாரிச்ச விஷயம் இல்லை, போலீஸ் வழக்கு. அதில் எஃப்.ஐ.ஆரே வெளியில் கசிஞ்சுது. அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கணும்னு சென்னை ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. 2025 ஜூனில் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைச்சுது. ஆனா, கசிஞ்ச பேரை எந்தக் கோர்ட்டாலும் திரும்ப அள்ள முடியாது. கமிட்டி விசாரணையிலும் ரெண்டு தரப்பு பேரையும் வெளியிடக் கூடாதுன்னு விதி இருக்கு. அந்த விதியைக் கசியவிடறது பெரும்பாலும் நாமதான். "ஏய், உனக்குத் தெரியுமா?"ன்னு கேன்டீனில் ஆரம்பிக்கறோம் பாருங்க, அங்கதான்!

ஆகவே மக்களே, இந்த வார ஹோம் வொர்க். ஒண்ணு, நோட்டீஸ் போர்டில் கமிட்டி லிஸ்ட்டைத் தேடுங்க. மாணவர்கள் பேர் இருக்கான்னு பாருங்க. ரெண்டு, ஃப்ரெண்ட் யாராவது வந்து சொன்னா, தேதி போட்டு எழுதி வைக்கச் சொல்லுங்க. மெசேஜை அழிக்கவிடாதீங்க. எழுத வரலைன்னா, எழுதறதுக்கு உதவ வேண்டியதும் கமிட்டியோட வேலைதான். மூணு, 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு மட்டும் சொல்லிடாதீங்க.

நேத்து ராத்திரி இதை அவகிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம், "யு.ஜி சீட்டுக்கு நீயே நில்லுடி"ன்னா. "எலெக்ஷனே வைக்கலையேடி"ன்னேன். "அப்ப முதல்ல அதைக் கேட்டு எழுது"ன்னா.

எழுதிட்டேன். முப்பத்திரண்டு பேர் கையெழுத்து போட்டிருக்காங்க. முதல் கையெழுத்து அவளோடது. திங்கட்கிழமை பிரின்சிபால் ஆபீஸில் கொடுத்து, நகலில் சீல் வாங்கணும். என்ன பதில் வருதுன்னு அப்புறம் சொல்றேன்... ஸாரி, வந்த அன்னிக்கே சொல்றேன்!