3 செகண்ட் மியூசிக்... உங்க காதை வெச்சு நடக்கும் பெரிய வியாபாரம்!

ஒரு சின்ன டெஸ்ட் வைக்கலாமா? கண்ணை மூடிக்கொண்டு ஏர்டெல் ட்யூனை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். அடுத்து, டைட்டன் வாட்ச் விளம்பர இசை. கடைசியாக, நெட்ஃப்ளிக்ஸைத் திறந்ததும் வரும் அந்த 'ட-டூம்'. மூணும் வந்துடுச்சா?

இப்போது அடுத்த கேள்வி. இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்களா? ப்ளேலிஸ்ட்டில் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்த சந்தோஷத்தில் இயர்போனை மாட்டிக்கொண்டு ரசித்துக் கேட்டிருக்கிறீர்களா? இல்லைதானே! நாம தேடிப் போய்க் கேட்காத இசைதான் நம்மகிட்ட கெட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு. விளம்பரம், கேம், ஆப் என்று நாள் முழுக்க நம் காதுக்குள் வந்துபோகும் இந்த இசைக்கு யார் காசு கொடுக்கிறார்கள், யாருக்குப் போகிறது, நம்மிடமிருந்து என்ன எடுத்துக்கொள்கிறது? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

ரஹ்மானும் மொசார்ட்டும்

'ரோஜா' வெளியான 1992-க்கு முன்பே ஏ.ஆர்.ரஹ்மான் ஜிங்கிள் உலகில் பிஸியான ஆள். லியோ காபி விளம்பரத்துக்கு அவர் போட்ட இசைதான் மணிரத்னத்தை அவர் பக்கம் திரும்பிப் பார்க்க வைத்தது என்பது கோலிவுட்டில் பலமுறை சொல்லப்பட்ட கதை. 2002-ல் அவர் போட்ட ஏர்டெல் ட்யூன், ஒரு காலத்தில் திரும்பிய பக்கமெல்லாம் ரிங்டோனாக ஒலித்தது. அதாவது, ஒரு கம்பெனியின் விளம்பரத்தை மக்கள் தாங்களாகவே தங்கள் போனில் வைத்துக்கொண்டு இலவசமாக ஊருக்கெல்லாம் கேட்க வைத்தார்கள். இதைவிட பெரிய வெற்றி ஒரு விளம்பரத்துக்கு வேறென்ன வேண்டும்?

டைட்டன் கதை வேற மாதிரி. அது மொசார்ட் 1773-ல் எழுதிய 25-வது சிம்பொனியின் தொடக்கம். அப்போது அவருக்கு 17 வயது. இந்தியச் சட்டப்படி ஒரு இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் அவர் படைப்புக்குக் காப்புரிமை. மொசார்ட் மறைந்தது 1791-ல். ஆக, ட்யூனுக்கு யாரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. வாசித்துப் பதிவு செய்யும் செலவு மட்டும்தான். நோக்கியா ட்யூனும் இதே வழிதான். ஸ்பெயின் நாட்டு கிட்டார் கலைஞர் ஃபிரான்சிஸ்கோ டாரேகாவின் 1902-ம் ஆண்டு வால்ட்ஸ் ஒன்றில் இருந்து சில நொடிகளை வெட்டி எடுத்ததுதான், உலகமே கேட்ட அந்த ரிங்டோன்.

குட்டி இசைதானே என்று நினைக்காதீர்கள். விண்டோஸ் 95 கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வரும் அந்தச் சில நொடி சத்தத்துக்காக, பிரையன் ஈனோ என்ற பெரிய இசையமைப்பாளர் 84 துண்டுகளைச் செய்து பார்த்ததாகப் பேட்டி ஒன்றில் சொல்லியிருக்கிறார். மூணு மணி நேரப் படத்துக்குப் பின்னணி இசை போடுவது ஒரு சவால் என்றால், மூணு செகண்டில் ஒரு கம்பெனியின் முகத்தைக் காட்டுவது இன்னொரு சவால்.

நமக்கே தெரியாம நடக்குறது

சரி, கம்பெனிகள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகின்றன? 1997-ல் 'நேச்சர்' இதழில் வெளியான ஒரு பிரபலமான ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. இங்கிலாந்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பிரெஞ்சு ஒயினையும் ஜெர்மன் ஒயினையும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினார்கள். ஒருநாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிரெஞ்சு இசை ஓடியபோது பிரெஞ்சு ஒயின் 40 பாட்டில், ஜெர்மன் 8 பாட்டில் விற்றது. ஜெர்மன் இசை ஓடியபோது நிலைமை தலைகீழ்: ஜெர்மன் 22, பிரெஞ்சு 12.

இதில் முக்கியமான விஷயம் எண்ணிக்கை இல்லை. வாங்கியவர்களிடம், 'நீங்கள் எடுத்ததற்கு இசை காரணமா?' என்று கேட்டபோது, ஆமாம் என்றவர்கள் ரொம்பக் கொஞ்சம் பேர்தான். 'நானாத்தான் எடுத்தேன்' என்றே பெரும்பாலானோர் நம்பினார்கள். கண்ணுக்குத் தெரியும் விளம்பரத்தை ஸ்கிப் பண்ணலாம். காதுக்குக் கதவு கிடையாதே!

ஒரு சத்தம் பழகிப்போனால் அது நம்பிக்கையாகவே மாறிவிடுகிறது. டீக்கடையில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறீர்கள். போனில் பச்சை டிக் வந்துவிட்டது. ஆனாலும், கடையில் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் வாயைத் திறந்து தொகையைச் சொல்லும் வரை கடைக்கார அண்ணனும் டீயை நீட்ட மாட்டார். நமக்கும் நகர மனசு வராது. ஆப் கம்பெனிகள் ஒவ்வொரு 'டிங்'குக்கும் மெனக்கெடுவது இதனால்தான்.

கேம்ல மியூசிக்கை ம்யூட் பண்ணிப் பாருங்க

சினிமாவில் காட்சி முடிந்ததும் இசை முடிந்துவிடும். கேமில் அப்படி முடியாது. நீங்கள் ஒரு கதவுக்கு முன்னால் பத்து செகண்டும் நிற்கலாம், பத்து நிமிஷமும் நிற்கலாம். அதுவரை இசை ஓட வேண்டும், போரடிக்கவும் கூடாது. எதிரி வந்தால் அந்த நொடியே மாற வேண்டும். அதனால் கேம் இசையமைப்பாளர் ஒரே இசையைப் பல அடுக்குகளாகப் பிரித்து எழுதுகிறார். அமைதியாக நடக்கும்போது ஒரு அடுக்கு மட்டும் ஒலிக்கும். ஆபத்து நெருங்க நெருங்க, டிரம்ஸ், வயலின் என்று அடுக்குகள் ஏறிக்கொண்டே போகும். அந்த இசைக்கு கண்டக்டரே நீங்கள்தான்!

இதன் ஆரம்பம் ரொம்ப எளிமையானது. 1978-ல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கேமில் நாலே நாலு ஸ்வரம்தான். ஏலியன்கள் நெருங்கும்போது அந்த நாலும் வேகமாகும். கூடவே ஆடுபவரின் படபடப்பும். 1985-ல் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' வந்தது. நேரம் 100-க்குக் கீழே போனதும் இசை திடீரென்று ஓட்டம் பிடிக்கும். கை தானாகவே அவசரப்படும். கோஜி கோண்டோவின் அந்த மேரியோ இசையை 2023-ல் அமெரிக்காவின் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். கேம் இசைக்கு அந்த கௌரவம் கிடைத்தது அதுதான் முதல்முறை. 2011-ல் 'சிவிலைசேஷன் 4' கேமுக்காக கிறிஸ்டோபர் டின் எழுதிய பாடல் கிராமி வாங்கியது. 2023-ல் கேம் இசைக்கென்றே தனிப் பிரிவு கிராமியில் வழங்கப்பட்டது. 'டொய்ங் டொய்ங் சத்தம்' என்று வீட்டில் திட்டு வாங்கிய இசைக்குக் கிடைத்த மரியாதை இது.

ஆனால், இதே திறமைக்கு இன்னொரு முகம் உண்டு. வெளிநாட்டு கேசினோக்களில் இருக்கும் ஸ்லாட் மெஷின்களை எடுத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 40 ரூபாய் திரும்ப வருகிறது. கணக்குப்படி 60 ரூபாய் நஷ்டம். ஆனால், மெஷின் மணி அடித்து, இசை போட்டுக் கொண்டாடும். இதை ஆராய்ச்சியாளர்கள் 'வெற்றி வேஷம் போட்ட தோல்வி' என்கிறார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஆடுபவர்கள், உண்மையில் ஜெயித்ததைவிட அதிகமுறை ஜெயித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களால் குடும்பங்கள் சிதைந்த செய்திகளைத் தமிழ்நாட்டில் எவ்வளவோ படித்துவிட்டோம். மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் தடைச்சட்டம் நிறைவேற்றியது. அந்த விவாதத்தில் பணம், கடன், அடிமைத்தனம் பற்றியெல்லாம் பேசினோம். சத்தத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. அடுத்தமுறை ஏதாவது ஒரு கேம் உங்களை 'இன்னும் ஒரே ஒரு ரவுண்டு' என்று இழுத்தால், ம்யூட் பண்ணிவிட்டு ஆடிப் பாருங்கள். பாதி வேகம் இறங்கிவிட்டால், இழுத்தது எதுவென்று புரிந்துவிடும்.

பாட்டு பழசு, மார்க்கெட் புதுசு

2020 ஜூன் மாதம் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த சில வாரங்களிலேயே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. பிறகு யூடியூப் ஷார்ட்ஸ். பாட்டின் விலையைத் தீர்மானிக்கும் இடமே மாறிப்போனது. முழுப்பாட்டு ஹிட்டா என்பதைவிட, அதில் இருக்கும் 15 செகண்ட் ஹிட்டா என்பதே இப்போது கேள்வி.

இதில் நல்லதும் இருக்கிறது. கேட் புஷ் 1985-ல் பாடிய ஒரு பாட்டு, 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் வந்த பிறகு 2022-ல் பிரிட்டனில் நம்பர் 1 ஆனது. நம்ம ஊரில், 'குணா'வின் 'கண்மணி' பாட்டுக்கு 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' கொடுத்த மறுபிறவி தெரியும்தானே? தியேட்டரில் விசில் பறந்தது. அதைத் தொடர்ந்து, அனுமதி இல்லாமல் பயன்படுத்தியதாக இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸும் பறந்தது. அனுமதி வாங்கியே பயன்படுத்தினோம் என்றது படத் தரப்பு.

உடனே சோஷியல் மீடியாவில் 'ராஜா சார் ஏன் இப்படி?' என்று ஒரு கூட்டம், 'அவர் உழைப்பு, அவர் கேட்கிறார்' என்று இன்னொரு கூட்டம். இந்தச் சண்டையில் பலரும் தவறவிடும் ஒரு அடிப்படை: ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ட்யூனும் வரிகளும் ஒன்று. பதிவு செய்யப்பட்ட ஒலி இன்னொன்று. பெரும்பாலும் ஒலிப்பதிவு ஆடியோ கம்பெனியிடம் இருக்கும். ட்யூனும் வரிகளும் யாரிடம் என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. விளம்பரத்திலோ படத்திலோ பயன்படுத்த வேண்டுமென்றால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். 'கம்பெனிகிட்ட வாங்கிட்டோமே' என்பதும், 'என்கிட்ட கேட்கலையே' என்பதும் மோதும் இடம் இதுதான்.

2012-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும்கூட, தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு. அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி ஒப்பந்தம் போட முடியாது என்றது அந்தத் திருத்தம். இதற்காகப் போராடியவர்களில் முக்கியமானவர் ஜாவேத் அக்தர். ஆனாலும், விளம்பரத்திலும் கேமிலும் 'மொத்தமா ஒரு தொகை, அத்தோடு முடிஞ்சது' என்ற பழக்கம்தான் பரவலாக இருக்கிறது. பேர் போடுவதும் கிடையாது. நீங்கள் தினமும் கேட்கும் ஜிங்கிள்களில் எத்தனைக்கு இசையமைப்பாளர் பெயர் உங்களுக்குத் தெரியும்?

இப்போ ஏஐ-யும் வந்தாச்சு

'30 செகண்ட், ஜாலி மூடு, நாதஸ்வரம் கலந்து' என்று டைப் செய்தால் ட்யூன் ரெடி. சின்ன பட்ஜெட் விளம்பரங்களுக்கும் ஆப்களுக்கும் இது வரம். அந்த வேலையை நம்பி இருந்த இளம் இசையமைப்பாளர்களுக்கோ, முதல் படிக்கட்டே உடைகிறது. ரஹ்மான் ஏறி வந்த படிக்கட்டு அதுதான் என்பதை மறந்துவிடாதீர்கள். எங்கள் பாடல்களை அனுமதியில்லாமல் வைத்தே இந்த ஏஐ-க்குப் பாடம் எடுத்திருக்கிறார்கள் என்று 2024 ஜூனில் பெரிய இசை நிறுவனங்கள் சூனோ, யூடியோ ஆகியவற்றின் மீது அமெரிக்காவில் வழக்குப் போட்டன.

குரலுக்கும் இதே சிக்கல்தான். ஆனால், இது ஏஐ-யோடு பிறந்ததில்லை. 1988-ல் ஒரு சிப்ஸ் விளம்பரத்தில் பாடகர் டாம் வெய்ட்ஸ் மாதிரியே இன்னொருவரைப் பாட வைத்தார்கள். அவர் வழக்குப் போட்டு, 20 லட்சம் டாலருக்கு மேல் வாங்கினார். 2024-ல் பாம்பே உயர் நீதிமன்றம், அர்ஜித் சிங்கின் குரலை ஏஐ மூலம் நகலெடுப்பதற்குத் தடை போட்டது. அதே ஆண்டு 'லால் சலாம்' படத்தில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏஐ மூலம் கொண்டுவந்த ரஹ்மான், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, அதற்கான தொகையும் கொடுத்ததாகச் சொன்னார். டெக்னாலஜி ஒன்றுதான். கேட்டு எடுப்பதற்கும் கேட்காமல் எடுப்பதற்கும்தான் வித்தியாசம்.

ரீல்ஸ் போடுறீங்களா? இதைக் கவனிங்க

'இதெல்லாம் பெரிய ஆளுங்க பிரச்னை பாஸ்' என்று நினைத்தால், இனிதான் உங்கள் மேட்டர். இன்ஸ்டாவில் சேலை விற்கிறீர்களா? ஹோம்மேட் கேக் பிசினஸா? நண்பரின் பிரியாணிக் கடைக்கு ரீல் எடுத்துக் கொடுக்கிறீர்களா?

- ஆப்பில் இருக்கும் பாட்டு லைப்ரரி, சொந்த ரீல்ஸுக்கானது. அதே பாட்டை வைத்துப் பொருள் விற்றால் அது விளம்பரம். பிசினஸ் அக்கவுன்ட்டில் பல ஹிட் பாடல்கள் காட்டாமல் இருப்பது பக் இல்லை, லைசென்ஸ் பிரச்னை.

- 'எல்லாரும் போடுறாங்க' என்பது கோர்ட்டில் செல்லாது. பேங் எனர்ஜி என்ற அமெரிக்க பான கம்பெனி, டிக்டாக் வீடியோக்களில் பிரபல பாடல்களைப் போட்டு விளம்பரம் செய்தது. யுனிவர்சல் மியூசிக் தொடுத்த வழக்கில், 2022-ல் அது உரிமை மீறல்தான் என்று தீர்ப்பானது.

- பெய்டு கொலாப் என்றால், பாட்டுக்கு யார் பொறுப்பு என்பதை பிராண்டிடம் மெசேஜிலாவது எழுதி வாங்குங்கள்.

- இலவச லைப்ரரி இசையை எடுத்தால், விதிமுறையில் 'வணிகப் பயன்பாடு' அனுமதி இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

- இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. உங்கள் காலேஜிலேயே கீபோர்டு வாசிக்கும் ஒரு தம்பி இருப்பான், பாட்டு போடும் ஒரு தங்கச்சி இருப்பாள். உங்கள் கடைக்கென்று பத்து செகண்ட் ட்யூன் கேளுங்கள். நியாயமான காசு கொடுங்கள், பேரும் போடுங்கள்.

கேக்குக்கு மாவு, முட்டை, ஏலக்காய் என்று எல்லாவற்றுக்கும் காசு கொடுக்கிறோம். ரீலில் நம் கேக்கை விற்றுக் கொடுக்கிற அந்தப் பத்து செகண்ட் இசைக்கு மட்டும் ஏன் ஓசி?