தெரிந்தால் மட்டும் போதுமா?

தம்பி, தங்கைகளே! 'க' பாஷை பேசியிருக்கிறீர்களா? "கநீ கவா" என்றால் "நீ வா". பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுக்குப் புரியாது என்று நினைப்போம். அவர்களோ சிறு வயதில் நம்மைவிட வேகமாகப் பேசியவர்கள்!

போரிலும் இப்படித்தான். செய்திகளை ரகசியக் குறியீடுகளாக, அதாவது சங்கேதமாக மாற்றி வானொலியில் அனுப்புவார்கள். எதிரி அதை ஒட்டுக்கேட்டு அர்த்தம் தேடுவான். "சங்கேதத்தை உடைத்தவனுக்கே வெற்றி" என்று சினிமாவில் காட்டுகிறார்கள். அது பாதி உண்மைதான் என்பது என் கருத்து. ஏன் தெரியுமா?

சிவகங்கை மாவட்டம் கண்டரமாணிக்கம் போன்ற செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகளில் பர்மா தேக்குத் தூண்களைப் பார்க்கலாம். இந்தப் பகுதி நகரத்தார் பலர் பர்மா, மலேயா, இலங்கையில் லேவாதேவி செய்தவர்கள். 1942 மார்ச் 8-ல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் பலர் காடு, மலை வழியாக நடந்தே வந்தார்கள்.

அடுத்த குறி இலங்கை. கொழும்பிலிருந்த பிரிட்டிஷ் நிபுணர்கள் ஜப்பானியச் செய்திகளில் ஒரு பகுதியை உடைத்தார்கள். ஏப்ரல் 1-ஐ ஒட்டித் தாக்குதல் வரும் என்று கணித்தார்கள். தளபதி சோமர்வில் கப்பல்களோடு கடலில் காத்திருந்தார். யாரும் வரவில்லை. எனவே கப்பல்களைப் பிரித்து அனுப்பிவிட்டார். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று கொழும்பில் குண்டு விழுந்தது! இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கி, 400-க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். ரகசியம் தெரிந்திருந்தது, தேதி மட்டும் தவறிவிட்டது.

சில நாட்களில் சென்னைக்கு ஒரு செய்தி வந்தது: "ஜப்பான் படை வருகிறது!" அது தவறான செய்தி. ஆனால் அதற்குள் அலுவலகங்கள் வெளியூர் போயின, மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். குண்டு விழுந்தால் தப்பித்து ஓடிவிடுமே என்ற பயத்தில், மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம், புலிகளைக்கூடச் சுட்டுவிட்டார்கள். பாவம், அவை என்ன செய்தன?

இப்போது பசிபிக் கடலுக்கு வாருங்கள். "ஏ.எஃப். என்ற இடத்தைத் தாக்கப் போகிறோம்" என்ற ஜப்பானியச் செய்தி அமெரிக்கர்களிடம் சிக்கியது. ஏ.எஃப். எது? மிட்வே தீவாக இருக்கலாம் என்று ரோச்ஃபோர்ட் என்ற அதிகாரியின் குழு நினைத்தது. ஆனால் நினைத்ததோடு நிற்கவில்லை. "எங்கள் குடிநீர் இயந்திரம் பழுது" என்று மிட்வேயிலிருந்து ஒரு பொய்ச் செய்தி அனுப்ப வைத்தார்கள். சீக்கிரமே ஜப்பானியர், "ஏ.எஃப்.-ல் தண்ணீர்த் தட்டுப்பாடு" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சந்தேகம் தீர்ந்தது! 1942 ஜூன் 4-ல் தொடங்கிய சண்டையில் ஜப்பான் நான்கு விமானம் தாங்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றில் மூன்று, கொழும்பைத் தாக்க வந்தவை.

"அவசரத்தில் சரிபார்க்க நேரம் ஏது?" என்று கேட்பீர்கள. மிட்வேயிலும் அவசரம்தான். ஒரே ஒரு சின்னச் சோதனை போதுமானதாக இருந்தது.

நாளைக்கே "மழையால் பள்ளி விடுமுறை" என்று அப்பாவின் கைப்பேசியில் ஒரு செய்தி வரலாம். குதிப்பதற்கு முன்னால், யார் சொன்னது, எந்த மாவட்டத்துக்கு, எந்தத் தேதிக்கு என்று பாருங்கள். போன வருஷத்துச் செய்தியாகக்கூட இருக்கும்! சரிபார்க்காமல் நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். என்ன, கசகரிகதானே?