பெயர் தெரிந்த பிறகு வந்த 'தகுதி'

2013 ஏப்ரலில் லண்டனில் ஒரு துப்பறியும் நாவல் வெளிவந்தது. பெயர் 'தி குக்கூஸ் காலிங்'. எழுதியவர் ராபர்ட் கால்பிரெய்த். இதுதான் அவருக்கு முதல் நாவல். இராணுவக் காவல்துறையில் புலனாய்வாளராக இருந்தவர், 2003இல் அதிலிருந்து விலகித் தனியார் பாதுகாப்புத் துறையில் வேலை செய்பவர் என்று ஆசிரியர் குறிப்பு சொன்னது. புதியவர் ஒருவரின் புத்தகத்துக்கு வரக்கூடிய மதிப்புரைகளில் நல்ல மதிப்புரைகளே வந்தன. பெயர் பெற்ற துப்பறியும் எழுத்தாளர்கள் சிலரும் பாராட்டினார்கள். ஆனால் புத்தகம் ஓடவில்லை. மூன்று மாதத்தில் பிரிட்டனில் கெட்டி அட்டைப் பதிப்பு விற்றது சுமார் 1,500 பிரதிகள் என்று அன்றைய செய்திகள் எழுதின. மின்னூல், ஒலிநூல், நூலகப் பிரதி எல்லாம் சேர்த்தால் 8,500 என்பது எழுத்தாளர் தரப்புக் கணக்கு. பெரிய கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை உண்மையை உடைத்தது. ராபர்ட் கால்பிரெய்த் என்று ஒருவர் இல்லவே இல்லை. எழுதியவர் 'ஹாரி பாட்டர்' புகழ் ஜே.கே. ரௌலிங். அவருடைய வழக்கறிஞர் நிறுவனத்தில் இருந்த ஒருவர் தன் மனைவியின் தோழியிடம் இரகசியத்தைச் சொல்ல, அது ட்விட்டர் வழியாகப் பத்திரிகைக்குப் போய்விட்டது. அமேசான் விற்பனைப் பட்டியலில் நாலாயிரத்துக்கும் கீழே கிடந்த புத்தகம் உடனே முதல் இடத்துக்கு ஏறியது. கடைகளில் பிரதி தீர்ந்தது. பதிப்பகம் அவசர அவசரமாக மறு அச்சுக்குப் போனது.

தோழர்களே, இந்தக் கதையை நாம் இங்கே எழுதுவது இலக்கிய வம்புக்காக அல்ல. சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் அந்தப் புத்தகத்தில் என்ன மாறியது? ஒரு எழுத்துகூட மாறவில்லை. கொலையும் அதேதான், துப்பறிபவரும் அவரேதான், குற்றவாளியும் அவரேதான். சனிக்கிழமை அந்தப் புத்தகத்துக்கு இல்லாத 'தகுதி' ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்து வந்து குதித்தது? அட்டையில் இருந்த பெயரிலிருந்து. வேறெங்கிருந்தும் இல்லை.

இடஒதுக்கீடு என்ற சொல்லைக் கேட்டதுமே 'தகுதி, திறமை' என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறவர்கள் நம் வகுப்பறையில் இருக்கிறார்கள், அலுவலகத்தில் இருக்கிறார்கள், தொலைக்காட்சி விவாதத்தில் தினமும் இருக்கிறார்கள். தகுதி என்பது தராசில் நிறுத்துப் பார்க்கக்கூடிய சரக்கு, நிறுப்பவர் கண்ணுக்கு ஆள் தெரியாது, எடை மட்டுமே தெரியும் என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கு இந்த நாவலின் விற்பனைக் கணக்கைக் காட்டுங்கள். உலகின் மிகப் பெரிய புத்தகச் சந்தைகளில் ஒன்றில், வாசகருக்கும் புத்தகத்துக்கும் நடுவில் யாரும் நிற்காத இடத்திலேயே, தராசு பெயரைத்தான் நிறுத்திருக்கிறது.

இது ஒருமுறை நடந்த அதிசயமும் அல்ல. டோரிஸ் லெஸ்ஸிங் 'ஜேன் சோமர்ஸ்' என்ற புனைபெயரில் ஒரு நாவலை அனுப்பினார். அவருடைய புத்தகங்களைப் போட்டுவந்த பிரிட்டன் பதிப்பகமே அதைத் திருப்பி அனுப்பியது. பின்னாளில் அவர் நோபல் பரிசு வாங்கியவர். ரௌலிங்குக்கும் இதே அனுபவம்தான். கால்பிரெய்த் பெயரில் அனுப்பியபோது வந்த நிராகரிப்புக் கடிதங்களை 2016இல் அவரே வெளியிட்டார். அதில் ஒரு பதிப்பகம், எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் நல்லது என்று அவருக்கு யோசனை சொல்லியிருந்தது! உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் புத்தகம் விற்ற ஒருவருக்கு எழுதக் கற்றுக்கொள்ளச் சொல்லி அறிவுரை. நம் பிள்ளைகளுக்கு 'இன்னும் கொஞ்சம் மொழி கைவர வேண்டும் தம்பி' என்று சொல்லப்படும் அறிவுரையில் எத்தனை இந்த வகையைச் சேர்ந்தவை என்று எண்ணிப் பாருங்கள்.

உடனே ஒரு மறுப்பு வரும். 'ரௌலிங் உழைத்துச் சம்பாதித்த பெயர் அது. ஏழு ஹாரி பாட்டர் புத்தகம் எழுதியவர். வாசகர் அந்தப் பெயரை நம்பி வாங்குகிறார், இதில் என்ன தப்பு?' தப்பில்லை. நாமும் அதைத்தான் சொல்கிறோம். பெயர் என்பது கையில் இருக்கும் முதல். ரௌலிங் அந்த முதலை எழுதிச் சேர்த்தார். அந்த ஆரம்பமும் சமமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997இல் முதல் ஹாரி பாட்டர் வந்தபோது, பெண் எழுதியது என்று தெரிந்தால் பையன்கள் படிக்க மாட்டார்கள் என்று பதிப்பகம் பயந்தது. அதனால்தான் ஜோன் என்ற பெயர் மறைந்து ஜே.கே. என்ற முதலெழுத்துகள் வந்தன. பெயரால் தள்ளப்படுவது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் முதல் அவர் உழைப்பு. இந்த நாட்டில் ஐயர், சர்மா, முகர்ஜி, முதலியார் என்ற ஒட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் முதலை யார் எழுதிச் சேர்த்தார்கள்? எந்தப் பரீட்சையில் பாஸ் செய்து வாங்கினார்கள்? பிறந்தார்கள், வந்துவிட்டது. பிறப்பால் வந்த நம்பிக்கையை உழைப்பால் வந்த தகுதி என்று கணக்கு எழுதுவதுதான் இங்கே நடக்கிற மோசடி.

துப்பறியும் நாவல் என்று பேச்சு வந்ததால் நம் வீட்டுக் கதையையும் பார்த்துவிடுவோம். தமிழில் இந்த வகை நாவலை ஊன்றியவர்களின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். ஆரணி குப்புசாமி முதலியார். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். பெயரோடு சாதி அட்டையிலேயே அச்சாகியிருக்கிறது. அவர்களுக்கு எழுத வரவில்லை என்று நாம் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான வாசகர்களை உட்கார வைத்துப் படிக்க வைத்தவர்கள் அவர்கள். ஆனால் அதே காலத்தில் பள்ளிக்கூடத் திண்ணையில் ஏற முடியாமல் நின்ற பிள்ளைக்கும் கதை சொல்லத் தெரிந்திருக்கும். அந்தக் கதையை யார் அச்சடித்தது? யார் மதிப்புரை எழுதியது? போட்டியே நடக்காத இடத்தில் வென்றவருக்குத் தகுதி என்று பட்டம் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

கால்பிரெய்த் கதையில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. பத்திரிகை எப்படி இரகசியத்தை உறுதி செய்தது? மொழிநடையைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தது ஒரு வழி. இன்னொன்று, இந்த 'யாரும் அறியாத' புதிய எழுத்தாளருக்கும் ரௌலிங்குக்கும் ஒரே முகவர், ஒரே பதிப்பகக் குழுமம், ஒரே எடிட்டர். அதாவது பெயரை மறைத்தபோதும் அவருக்குப் பாதை இருந்தது. கதவைத் தட்டினால் திறக்கும் ஆட்கள் உள்ளே இருந்தார்கள். அந்தப் பாதை இருந்தும், பெயர் இல்லாததால் 8,500தான். பெயரும் இல்லை, பாதையும் இல்லை என்றால்? வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசல் மிதித்தவர், முன்னுரை எழுதித் தர ஆள் தெரியாதவர், வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கக் காசு இல்லாதவர், தெரிந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர்கூட இல்லாதவர் எழுதும் முதல் புத்தகத்தின் கதி என்ன? அது எத்தனை பிரதி விற்கிறது என்பதை வைத்து அதன் தரத்தை எடைபோடுகிறவர் முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது ஆதாயம் பார்க்கிறவராக இருக்க வேண்டும்.

புத்தகச் சந்தையை விடுவோம், வேலைச் சந்தைக்கு வருவோம். ரௌலிங் விளையாட்டாகச் செய்த சோதனையை இந்தியாவில் முறையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். பொருளாதார அறிஞர் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. செய்தித்தாளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 66 வாரங்களில் 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம். பெயர் மட்டும் வேறு வேறு: ஒன்று ஆதிக்கசாதி இந்துப் பெயர், ஒன்று தலித் பெயர், ஒன்று முஸ்லிம் பெயர். ஆதிக்கசாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு 67, முஸ்லிம் பெயருக்கு 33 என்ற விகிதம் வந்தது. யாரும் நேரில் பார்க்கப்படவில்லை. யாரும் பேசவில்லை. பெயர் மட்டும் பேசியது. அமெரிக்காவில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் இதேபோல் நடந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. வெள்ளையர் பெயர் என்று தோன்றிய விண்ணப்பங்களுக்குக் கறுப்பர் பெயர் கொண்டவற்றைவிட 50 சதவீதம் கூடுதல் அழைப்பு. அங்கே நிறம், இங்கே சாதி.

இனி, பெயரை மறைப்பதைப் பற்றி. ரௌலிங்குக்குப் புனைபெயர் ஒரு விடுதலை; எதிர்பார்ப்பும் ஆரவாரமும் இல்லாமல் எழுதும் சந்தோஷம். நம் வரலாற்றிலும் ஒரு பொய்ப்பெயர் இருக்கிறது. 1917. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் சேர்ந்து படித்துவிட்டு, உதவித்தொகை கொடுத்த பரோடா அரசில் வேலை பார்க்க வந்த இளைஞர் ஒருவருக்கு அந்த ஊரில் தங்க இடம் இல்லை. இந்து விடுதியில் போனால் சாதி கேட்பார்கள். பார்சி விடுதி ஒன்றில் ஒரு பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து நின்றார்கள். நீ யார், ஏன் எங்கள் விடுதியைத் தீட்டுப்படுத்தினாய் என்று கேட்டார்கள். மாலைக்குள் காலி செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அடைக்கலம் கொடுக்க அந்த நகரத்தில் ஒரு வீடுகூட இல்லாமல், இரவு ரயில் வரும் வரை பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்து பம்பாய் திரும்பினார் அண்ணல் அம்பேத்கர்.

இரண்டு முகமூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரௌலிங்கின் உண்மைப் பெயர் தெரிந்ததும் புத்தகம் முதல் இடத்துக்குப் போனது. அம்பேத்கரின் உண்மைப் பெயர் தெரிந்ததும் அவர் பெட்டி தெருவுக்கு வந்தது. அன்று அந்த ஊரில் அவருக்கு நிகராகப் படித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தகுதிதான் எல்லாம் என்றால் அந்தத் தகுதி ஏன் அவருக்கு ஒரு கட்டிலைக்கூட வாங்கித் தரவில்லை?

'அதெல்லாம் வடநாட்டுக் கதை, தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியே கிடையாதே' என்பார்கள். 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்டோம், உண்மை. இந்தியாவிலேயே பெரிய காரியம் அது. அந்தப் பெருமையை நாம் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. ஆனால் பட்டம் போன இடத்தில் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. 'சொந்த ஊர் எது? ஊருக்குள்ளயா, வெளியவா? எந்தத் தெரு? அப்பா என்ன பண்றார்? குலசாமி எது?' வாடகைக்கு வீடு கேட்டுப் போனவர்களுக்கும், விடுதி அறையில் முதல் நாள் நுழைந்தவர்களுக்கும் இந்தக் கேள்விகளின் வரிசை மனப்பாடம். அட்டையில் இல்லாத பெயரைத் துப்பறிந்து கண்டுபிடிப்பதில் நம் ஊர்க்காரர்களை எந்த நாவலின் துப்பறிவாளரும் மிஞ்ச முடியாது.

தேர்விலும் இதேதான். எழுத்துத் தேர்வில் விடைத்தாளில் எண் மட்டும் இருக்கும். அங்கே நம் மாணவர்கள் போராடி மேலே வருகிறார்கள். நேர்முகத்திலும் வாய்மொழித் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் முகம் தெரியும், பெயர் தெரியும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த பாகுபாடு குறித்து விசாரித்த தோரட் குழு 2007இல் கொடுத்த அறிக்கையைத் தேடிப் படியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் வாய்மொழித் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் பற்றிச் சொன்ன புகார்கள் அதில் பதிவாகியிருக்கின்றன.

அப்படியானால் எல்லா இடத்திலும் பெயரை மறைத்துவிட்டால் போதுமா? போதாது. எண் போட்ட விடைத்தாள் நல்லது, பெயர் நீக்கிய விண்ணப்பம் நல்லது; அவற்றை நாம் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் மறைந்து வாழ்வது நம் இலட்சியம் அல்ல. பெயரை மறைத்தால்தான் நீதி கிடைக்கும் என்றால், குற்றம் பெயரில் இல்லை, நீதி வழங்கும் நாற்காலியில் இருக்கிறது. ஆகவே நாற்காலியைப் பேசுவோம். தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள்? பரிசுக் குழுவில் யார்? பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதியை முதலில் படிப்பவர் யார்? தனியார் துறையில் ஆள் எடுப்பவர் யார்? தனியார் துறை இடஒதுக்கீடு என்று நாம் கேட்பது சலுகை அல்ல. 67க்கும் 100க்கும் நடுவில் களவுபோன 33ஐத் திருப்பிக் கேட்கிறோம்.

மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் துறையில் வாய்மொழித் தேர்வு மதிப்பெண்ணை எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணோடு பிரிவுவாரியாக ஒப்பிட்டுக் காட்டும்படி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். நேர்முகத் தேர்வுக் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் இருந்தாரா என்று கேளுங்கள். நூலகத்துக்கு எந்தப் புத்தகம் வாங்கப்படுகிறது என்று பாருங்கள். நம்மில் ஒருவர் முதல் புத்தகம் போட்டால் காசு கொடுத்து வாங்குங்கள், படியுங்கள், நல்லதோ கெட்டதோ நாலு வரி எழுதுங்கள். அந்தப் புத்தகம் துப்பறியும் நாவலாக இருந்தாலும் சரி. வலியை மட்டும்தான் தலித் எழுத வேண்டும் என்று நமக்கு யாரும் பாடத்திட்டம் போட்டுத் தர வேண்டாம். கொலையையும் கொள்ளையையும் கண்டுபிடித்துச் சொல்லும் புத்தி நமக்கும் உண்டு.

அடுத்த முறை யாராவது 'தகுதி' என்று ஆரம்பித்தால் கோபப்பட வேண்டாம். ஒரு கேள்வி போதும்: ஐயா, சனிக்கிழமைத் தகுதியைச் சொல்கிறீர்களா, ஞாயிற்றுக்கிழமைத் தகுதியைச் சொல்கிறீர்களா?