குப்பியில் துளிர்க்கும் மூலிகை

மூலம் என்பதிலிருந்து வந்தது மூலிகை என்னும் சொல். மூலம் என்றால் வேர். வேரை அகழ்ந்தால் செடி எஞ்சாது என்னும் எளிய உண்மை அச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கிறது. வைத்தியர் தம் ஊர் நோயாளிக்காகக் கைப்பிடி வேர் எடுத்த காலத்தில் காடு அதனை ஈடுசெய்துகொண்டது. மூட்டைக் கணக்கில் அகழத் தொடங்கியபின் அதற்கு இயலவில்லை.

சர்ப்பகந்தி இதற்குத் தக்க சான்று. அதன் வேரிலிருந்து 1952இல் ரெசர்பின் என்னும் மருந்துப்பொருளைச் சுவிட்சர்லாந்து அறிவியலார் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்திற்கு அது மருந்தானதும் உலகச் சந்தை அவ்வேரைத் தேடி வந்தது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1990இல் அச்செடி இடம்பெற்றது.

இத்தகைய செடிகளைப் பெருக்குவதற்குத் திசு வளர்ப்பு நல்லதொரு வழி. கணுவொன்றை நறுக்கி, நுண்ணுயிர் நீக்கி, உப்புகளும் சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கிகளும் கலந்த அகார்க் கூழில் ஊன்றுகின்றனர். முராசிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962இல் வகுத்த கலவையே இன்றும் பெரிதும் பயன்படுகிறது. சைட்டோகைனின் மிகுந்தால் குருத்துகள் பல்கும். ஆக்சின் மிகுந்தால் வேர் விடும். தாய்ச்செடி அழிவதில்லை, மழைக்கும் பருவத்திற்கும் காத்திருக்க வேண்டுவதில்லை. குப்பியின் ஈரத்தில் வளர்ந்த கன்று வெளிக்காற்றில் வாடிவிடுமாதலின், பசுமைக்குடிலில் சில வாரங்கள் பழக்கியபின்னரே மண்ணுக்கு அனுப்புவர்.

நம் உழவர்க்கு இது புதிதன்று. திசு வாழையை அறியாதார் இலர். எனினும், வாழைக்கன்றை விலை கொடுத்து வாங்குவார் உண்டு. காட்டு வேருக்கோ அகழ்வோரின் கூலியே விலை. ஆய்வகக் கன்று அதனோடு போட்டியிடுவது எங்ஙனம்? ஆதலாலேயே பல மூலிகைகளுக்கு முறை கண்டறியப்பட்டும் அவை ஆய்வேடுகளில் தங்கிவிட்டன. பட்டம் கிடைத்ததும் குப்பிகள் கழுவப்படுகின்றன என்று நான் கூறினால் அறிவியல் துறை நண்பர்கள் சினம் கொள்ளலாம். தமிழ்த்துறை ஆய்வேடுகளின் கதியும் அதுவே என்பதால் பொறுத்தருள்வார்களாக!

மற்றொன்றும் உண்டு. ஒரு தாயின் கணுவிலிருந்து பிறந்த பல்லாயிரம் கன்றுகளும் அத்தாயின் நகல்களே. ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லக்கூடும். விதைவழி வரும் வேறுபாடு காட்டில்தான் உள்ளது. ஆய்வகம் இருக்கிறதே என்று காட்டைக் கைவிடுவோமாயின், நகல் இருக்கிறதென்று மூலச்சுவடியை எரித்தவர் ஆவோம்.

அகத்தியமலைக் காணி மக்கள் அறிந்த ஆரோக்கியப்பச்சையை எண்ணிப் பாருங்கள். அதன் காயைத் தின்று களைப்பின்றி மலையேறிய காணிகளிடமிருந்து 1987இல் ஆய்வாளர்கள் அதனை அறிந்தனர். கேரளத்துப் பாலோடு தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கி, 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் அளித்தது. உரிமத் தொகையிலும் பங்குத்தொகையிலும் பாதி காணிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அது பாராட்டத்தக்கது. ஆயின், செடி அழியுமென அஞ்சிய வனத்துறை இலை எடுக்க இசையவில்லை. மருந்துக்கு மூலப்பொருள் தட்டுப்பட்டது. அறிவும் ஆய்வகமும் பங்கீடும் இருந்தும், கன்று வளர்ப்பார் யார், எவ்விடத்தில், எவர் இசைவோடு என்பது முன்னரே முடிவாகவில்லை.

எனவே, அரசு மானியம் ஆய்வகத்தோடு நில்லாது மலையடிவார நாற்றங்கால்வரை செல்லுதல் வேண்டும். தாய்ச்செடிகளைப் பல மலைகளிலிருந்து தேர்தல் வேண்டும். நாற்றங்காலை நடத்தும் பொறுப்பு மலைவாழ் மக்களிடமே இருக்கட்டும். அங்கு அவர்கள் பெறும் நாட்கூலி வேர் அகழும் கூலியினும் சிறிதேனும் கூடுதலாக அமையட்டும். மருந்து செய்வோர் அந்நாற்றங்கால்களிலிருந்தே வாங்குமாறு விதி செய்தால், கன்றுக்கு இன்றில்லாத சந்தை உண்டாகும்.