அழாமல் பிறந்த குழந்தைக்கு இரத்தம் ஏற்றலாமா?

பிரசவ அறையிலிருந்து “குழந்தை அழவில்லை” என்ற செய்தி வந்ததும், வெளியே காத்திருக்கும் உறவினர், “எங்கள் இரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கை நீட்டுவர். பட்டாசு விபத்து என்றால் இரத்தம் கொடுக்க ஓடிவரும் நம் திருத்தங்கல் மக்களுக்கு இவ்வெண்ணம் எழுவது இயல்பே.

ஆனால், பிராணவாயு கிட்டாமல் மடிந்த மூளையணுக்களை இரத்தம் மீட்டுத் தராது. 3 கிலோ எடையுள்ள சிசுவின் உடலிலுள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 240 மில்லி லிட்டர். ஒரு பெரிய டம்ளர் அளவு என்க. நச்சுக்கொடியிலிருந்தோ கொப்பூழ்க்கொடியிலிருந்தோ அச்சிறு கையிருப்பும் ஒழுகிப்போனால் குழந்தை வெளிறிவிடும். அப்போது இரத்தம் உயிர்காக்கும் மருந்தாகும். தேவையின்றி ஏற்றினால் அதன் சின்ன இதயத்திற்குப் பாரமே. அப்போதும் தந்தை, தாய்மாமன் போன்ற இரத்த உறவினரின் இரத்தம் சிசுவுக்கு உகந்ததன்று; அரிதாயினும் கொடிய எதிர்விளைவு அதில் உண்டு. நீங்கள் தருவதை இரத்த வங்கி வேறொருவருக்குப் பயன்படுத்தும்.

மேல்நாடுகளில் இத்தகைய சிசுக்களின் உடலை 72 மணி நேரம் 33.5 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் குளிர்வித்து மூளையைக் காப்பது வழக்கம். இம்முறை நமக்கும் பொருந்துமா என்றறிய, இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளின் 7 மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை ‘ஹெலிக்ஸ்’ ஆய்வு நடந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதில் பங்கேற்றது. 2021-இல் வெளியான முடிவு பலரையும் திகைக்க வைத்தது. குளிர்விக்கப்பட்ட 202 சிசுக்களுள் 84 இறந்தன. குளிர்விக்கப்படாத 206 சிசுக்களுள் 63 இறந்தன. குளிர்ச்சியில் இரத்தம் உறையும் தன்மை குன்றும் என்பதும் நினைவிற்குரியது. நம் பகுதிச் சிசுக்கள் பலவற்றில் மூளைப் பாதிப்பு பிரசவ வலிக்கு முன்னரே தொடங்கியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்துகளுள் ஒன்று.

ஆகவே பெரிய கருவியைக் காட்டிலும், முதல் நிமிடத்தில் ஈரம் துடைத்து, முகமூடியும் பையும் கொண்டு காற்றூட்டத் தெரிந்த செவிலியரே முக்கியம் என்பேன். 2009-இல் மத்திய அரசு தொடங்கிய நவஜாத் சிசு சுரக்ஷா திட்டம் இப்பயிற்சியைத்தான் தந்தது. நீங்கள் செல்லவிருக்கும் மருத்துவமனையில் இரவிலும் அத்தகையோர் உண்டா என்று எட்டாம் மாதத்திலேயே கேட்டு வையுங்கள். கூச்சம் வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, உதிரம் பட்டாலோ, மாமியார் சொல்லுக்கோ விடியலுக்கோ காத்திராமல் உடனே 108-ஐ அழையுங்கள்.