தெருவுக்குக் கீழே ஒரு கழிவறை

ராயபுரத்தில் யாரும் பேஸ்மென்ட் கட்டுவதில்லை. ரோடு மேல் ரோடு போட்டு, தரைத்தளமே பேஸ்மென்ட் ஆகிவிடுகிறது. 1974-ல் அப்பா கட்டிய எங்கள் வீட்டுக்கு அன்று மூன்று படி ஏற வேண்டும். இன்று வாசலிலிருந்து இரண்டு படி இறங்குகிறோம். பழைய தாரைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். நல்ல உத்தரவுதான். ஏற்கெனவே ஏறிய ரோடு இறங்கவா போகிறது?

என் மனைவிக்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற முடியவில்லை. கீழே பின்னறையை ஒட்டி ஒரு கழிவறை கட்டத் தீர்மானித்தோம். மேஸ்திரி முதலில் கேட்டது, டைல்ஸ் என்ன கலர் என்று. "அது கிடக்கட்டும், தெரு மேன்ஹோல் மூடிக்கும் நம்ம தரைக்கும் டியூப் லெவல் பிடிச்சுப் பாருங்க" என்றேன். தரை 14 அங்குலம் பள்ளம்!

நம் பக்கத்தில் பலர் கவனிக்காதது இதைத்தான். மழையில் பாதாளச் சாக்கடை நிரம்பினால், குழாய்க்குள் தண்ணீர் தெரு மூடியின் மட்டம் வரை ஏறும். அதற்குக் கீழே வீட்டுக்குள் எந்த வாய் திறந்திருந்தாலும், முதலில் அங்கேதான் பொங்கும். 2015 டிசம்பரில் நாங்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக் காவல் காத்தோம். சாக்கடையோ பின்பக்கம் நானி ட்ராப் வழியாக உள்ளே வந்தது.

ஆகவே கழிவறைத் தரையை 18 அங்குலம் உயர்த்தச் சொன்னேன். "முழங்கால் வலிக்காரிக்கு மறுபடியும் படியா?" என்று மகளுக்குக் கோபம். நான்-ரிட்டர்ன் வால்வு போதும் என்றார் பிளம்பர். அதில் ஒரு கந்தல் துணி சிக்கினால் மூடாது. மூடியிருக்கும் நேரத்தில் நம் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. நான் அசையவில்லை. ஆறு அங்குலத்தில் மூன்று படி, இரு பக்கமும் கைப்பிடி. அடுத்த ரோடு போடும்வரை நான்கு அங்குலம் கையிருப்பு!

அடுத்த சண்டை வென்ட் பைப்புக்கு. ஃப்ளஷ் தண்ணீர் குழாயை அடைத்துக்கொண்டு ஓடும்போது பின்னாலிருக்கும் காற்றை இழுக்கும். மேலிருந்து காற்று வர வழியில்லாவிட்டால், ட்ராப்பில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீரையும் உறிஞ்சிவிடும். நாற்றத்தையும் கரப்பானையும் தடுப்பது அந்தத் தண்ணீர் ஒன்றுதான். இது தெரியாமல் வீட்டில் ஊதுவத்தி கொளுத்துகிறவர்கள் உண்டு.

"ஜன்னல் உயரத்தோட நிறுத்திடலாம் சார்" என்றார் மேஸ்திரி. அப்புறம் ஜன்னலை எப்படித் திறப்பது? பைப்பை மொட்டை மாடிக்கு மேலே ஏற்றி, முனையில் வலை மூடி போட்ட பிறகே மிச்சப் பணத்தைக் கொடுத்தேன்.

டைல்ஸ் கலரை மனைவி பார்த்துக்கொண்டாள்.